உங்களுக்குத் தெரியுமா? அலகு செய்யும் கலாட்டா!

வேதியியல் புத்தகத்தின் ஆரம்பப் பாடமே அளவீடும் அலகும்தான். விடையில் அலகு எழுதாவிட்டால் அரை மதிப்பெண் போகும், அவ்வளவுதானே என்று பள்ளியில் நினைத்திருப்போம். வெளியுலகில் போவது அரை மதிப்பெண் அல்ல. நகைக்கடையிலிருந்து செவ்வாய் கிரகம் வரை, இதோ சில தகவல்கள்.

தங்கமா, பஞ்சா?
ஒரு அவுன்ஸ் தங்கம், ஒரு அவுன்ஸ் பஞ்சு: எது கனம்? ‘இரண்டும் ஒன்றுதான்’ என்றால் தவறு. தங்கத்தை ட்ராய் அவுன்ஸில் நிறுப்பார்கள், அது 31.1 கிராம். பஞ்சுக்குச் சாதாரண அவுன்ஸ், அது 28.35 கிராம். ஆக, தங்கமே கனம். சரி, ஒரு பவுண்டு தங்கம், ஒரு பவுண்டு பஞ்சு? இப்போது பஞ்சு ஜெயிக்கும்! ட்ராய் பவுண்டுக்கு 12 அவுன்ஸ்தான், 373 கிராம். சாதாரணப் பவுண்டுக்கு 16 அவுன்ஸ், 453.6 கிராம்.

பவுனும் 916-ம்
நம் நகைக்கடைகளில் ஒரு பவுன் என்றால் 8 கிராம். இந்தக் கணக்குக்கு மூலம் இங்கிலாந்தின் சாவரின் தங்க நாணயம். அதன் எடை 7.988 கிராம். நகையில் பொறிக்கும் 916-ம் ஓர் அலகு மாற்றம்தான்: 24 பங்கில் 22 பங்கு தங்கம் (22 காரட்) என்பதை ஆயிரத்துக்கு எவ்வளவு என்று கணக்கிட்டால் 916 சொச்சம். வைரத்துக்கும் காரட் உண்டு. ஆனால் அங்கே அது தூய்மையைச் சொல்வதில்லை, எடையைச் சொல்கிறது. ஒரு காரட் 0.2 கிராம்.

நடுவானில் தீர்ந்த எரிபொருள்
1983 ஜூலை 23. ஏர் கனடாவின் போயிங் 767 விமானம் 69 பேருடன் 41,000 அடி உயரத்தில் பறந்துகொண்டிருந்தபோது எரிபொருள் தீர்ந்து இரண்டு இன்ஜின்களும் நின்றுவிட்டன. காரணம் ஒரு பெருக்கல். பயணத்துக்கு 22,300 கிலோ எரிபொருள் தேவை. அளவுமானி பழுதாகியிருந்ததால் டேங்கில் குச்சி விட்டு எத்தனை லிட்டர் என்று பார்த்தார்கள். லிட்டரைக் கிலோவாக்க 0.8 ஆல் பெருக்க வேண்டும். அவர்கள் பெருக்கியது 1.77 ஆல், அது லிட்டரைப் பவுண்டாக்கும் எண். கனடா அப்போதுதான் மெட்ரிக் முறைக்கு மாறிக்கொண்டிருந்தது. ‘22,300 கிலோ இருக்கிறது’ என்ற நம்பிக்கையில் கிளம்பிய விமானத்தில் இருந்தது அதில் பாதிக்கும் குறைவு. விமானி பாப் பியர்சனுக்கு கிளைடர் ஓட்டிய அனுபவம் இருந்தது. கிம்லி என்ற ஊரின் பழைய விமானப்படை ஓடுபாதையில் விமானத்தைச் சறுக்கிக்கொண்டே இறக்கினார். ஓர் உயிரும் போகவில்லை.

செவ்வாயில் தொலைந்த விண்கலம்
இங்கே அந்த அதிர்ஷ்டம் இல்லை. நாசாவின் ‘மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர்’ 1999 செப்டம்பர் 23 அன்று செவ்வாயை நெருங்கியபோது தொலைந்துபோனது. உந்துவிசைக் கணக்கை ஒரு மென்பொருள் பவுண்டில் அனுப்பியது. அதை வாங்கிய மென்பொருள் மெட்ரிக் அலகான நியூட்டன் என்று எடுத்துக்கொண்டது. இரண்டுக்கும் இடையே 4.45 மடங்கு வித்தியாசம். கணக்கிட்டதைவிட வெகு தாழ்வாகச் சென்ற விண்கலம், செவ்வாயின் வளிமண்டலத்தில் சிக்கி அழிந்தது.

பூமியின் சுற்றளவு ஏன் இவ்வளவு முழுசாக?
பூமியின் சுற்றளவு சுமார் 40,000 கி.மீ. இப்படி முழு எண்ணாக அமைந்தது தற்செயல் இல்லை. வடதுருவத்திலிருந்து பூமத்திய ரேகை வரையுள்ள தூரத்தில் ஒரு கோடியில் ஒரு பங்கே மீட்டர் என்று 1791-இல் பிரான்ஸ் முடிவெடுத்தது. டெலாம்பர், மெஷேன் என்ற இருவர் டன்கர்க்கிலிருந்து பார்சிலோனா வரை ஆண்டுக்கணக்கில் அளந்தார்கள். பூமி துருவங்களில் எவ்வளவு தட்டையாக இருக்கிறது என்ற கணக்கு பிசகியதால், மீட்டர் 0.2 மி.மீ. குட்டையாகிவிட்டது. குட்டை மீட்டரே நிலைத்தது. 1983 முதல், ஒளி ஒரு நொடியில் செல்லும் தூரத்தில் 29,97,92,458-இல் ஒரு பங்கே ஒரு மீட்டர்.

மூன்று சாவி போட்ட கிலோ
1889 முதல் உலகத்துக்கே ஒரு கிலோ என்பது ஒரு உலோக உருளைதான். 90% பிளாட்டினம், 10% இரிடியம். உயரமும் விட்டமும் 39 மி.மீ. பாரிஸ் அருகே, மூன்று சாவி இருந்தால்தான் திறக்கும் பெட்டகத்தில் அதைப் பூட்டி வைத்திருந்தார்கள். அதன் பிரதிகளை நாடுகளுக்குக் கொடுத்தார்கள். 57-ஆம் எண் பிரதி புதுடெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் இருக்கிறது. நூறு ஆண்டுகள் கழித்து ஒப்பிட்டால், மூலத்துக்கும் பிரதிகளுக்கும் இடையே சுமார் 50 மைக்ரோகிராம் வித்தியாசம்! எது கூடியது, எது குறைந்தது என்று சொல்ல வழியில்லை. 2019 மே 20 முதல் உருளைக்கு ஓய்வு. இப்போது பிளாங்க் மாறிலி என்ற இயற்கை எண்ணை வைத்தே கிலோவை வரையறுக்கிறார்கள்.

தலைகீழ் செல்சியஸ்
1742-இல் ஸ்வீடனின் ஆண்டர்ஸ் செல்சியஸ் வகுத்த அளவுகோலில் தண்ணீர் கொதிப்பது 0, உறைவது 100! சில ஆண்டுகளிலேயே அதைத் திருப்பிப் போட்டார்கள். இன்னொன்று: 2°C என்ற வெப்பநிலை 35.6°F. ஆனால் ‘வெப்பநிலை 2 டிகிரி செல்சியஸ் கூடியது’ என்றால் கூடியது 3.6 டிகிரி ஃபாரன்ஹீட் மட்டுமே. 32-ஐக் கூட்டுவது வெப்பநிலைக்கு, வித்தியாசத்துக்கு 1.8 ஆல் பெருக்கினால் போதும். இரண்டு அளவுகோலும் ஒரே எண்ணைக் காட்டும் இடமும் உண்டு: மைனஸ் 40.

படிக்குப் படி எடை வேறு
இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, இரண்டு உழக்கு ஒரு உரி, இரண்டு உரி ஒரு படி. இவை எல்லாமே கனஅளவுகள், எடை அல்ல. அதனால் ஒரு படி அரிசியும் ஒரு படி நெல்லும் ஒரே எடை இருக்காது. உமியும் இடைவெளியும் இடத்தை அடைத்துக்கொள்வதால் நெல் எடை குறைவு. ‘ஒரு படி எத்தனை கிலோ?’ என்று கேட்டால், ‘எதில்?’ என்று திருப்பிக் கேட்பதே சரி. அடர்த்தி தெரியாமல் கனஅளவை எடையாக்க முடியாது.

50 + 50 = 96
50 மி.லி. தண்ணீரில் 50 மி.லி. தூய எத்தனால் ஆல்கஹாலைக் கலந்தால் 100 மி.லி. வராது, சுமார் 96 மி.லி.தான் வரும். கொண்டைக்கடலையோடு கடுகைக் கலந்தால் இடுக்குகளில் கடுகு இறங்கிவிடுவதுபோல, இரண்டின் மூலக்கூறுகளும் நெருங்கி அமர்ந்துவிடுகின்றன. ஆனால் தராசில் வைத்தால் ஒரு துளியும் குறையாது. கனஅளவு ஏமாற்றும், நிறை ஏமாற்றாது.

பார்க்காமலே சொன்னவர்
1875-இல் பிரான்ஸின் லெகோக் த பொவாபோத்ரான் காலியம் என்ற புதிய உலோகத்தைக் கண்டுபிடித்து, அதன் அடர்த்தி கன செ.மீ.க்கு 4.7 கிராம் என்றார். அந்த உலோகத்தைக் கண்ணால்கூடப் பார்க்காத மெண்டலீவ், ‘சுமார் 5.9 இருக்க வேண்டும், சுத்தப்படுத்தி மறுபடி அளந்து பாருங்கள்’ என்று ரஷ்யாவிலிருந்து எழுதினார். அளந்தால் 5.9! தனிம அட்டவணையில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு, அங்கே வரப்போகும் தனிமத்தின் குணங்களை முன்பே எழுதி வைத்திருந்தவர் அவர். காலியம் உருகுவது 29.76°C-இல். சென்னை வெயிலில் வைத்தால் தானே உருகிவிடும்.

ஒரு சொட்டில் எத்தனை?
18 கிராம் தண்ணீர் ஒரு மோல். அதில் 6.022 × 10²³ மூலக்கூறுகள். ஒரு சொட்டு 0.05 மி.லி. என்று வைத்துக்கொண்டு, உலகத்தின் 800 கோடிப் பேருக்கும் பிரித்துக் கொடுத்தால் ஆளுக்குச் சுமார் 20,000 கோடி மூலக்கூறுகள் கிடைக்கும். 6.022 × 10²³ என்ற எண்ணுக்கு அவகாட்ரோ எண் என்று பெயர். ஆனால் அவகாட்ரோ அதைக் கணக்கிடவே இல்லை. அவர் நினைவாக 1909-இல் பெயர் சூட்டியவர் ஷான் பெரின்.

கேஸை ஏன் கிலோவில் விற்கிறார்கள்?
வீட்டுச் சிலிண்டரில் 14.2 கிலோ எரிவாயு. உள்ளே இருப்பது பெரும்பாலும் திரவம். வெளியே வந்து வாயுவானால் சுமார் 250 மடங்கு விரியும். வாயுவின் கனஅளவு வெப்பநிலைக்கும் அழுத்தத்துக்கும் ஏற்ப மாறும், நிறை மாறாது. சிலிண்டரின் மேற்பகுதியில் காலி எடை எழுதியிருக்கும். அதோடு 14.2-ஐக் கூட்டி, வாங்கும்போதே நிறுத்துப் பார்க்கலாம்.

ஒன்றால் பெருக்குங்கள்
அலகு மாற்றத்தின் சூட்சுமம் இவ்வளவுதான்: 1,000 மீட்டரை 1 கி.மீ. ஆல் வகுத்தால் விடை ஒன்று. ஒன்றால் எதைப் பெருக்கினாலும் அளவு மாறாது, அலகு மட்டும் மாறும். வேண்டாத அலகு மேலும் கீழும் அடிபட்டால் கணக்கு சரி. அடிபடவில்லை என்றால் பின்னத்தைத் தலைகீழாகப் போட்டிருக்கிறீர்கள். மணிக்கு 60 கி.மீ. என்பதை 1,000 ஆல் பெருக்கி 3,600 ஆல் வகுத்தால் நொடிக்கு 16.7 மீட்டர். அந்த வேகத்தில் வண்டி ஓட்டிக்கொண்டே இரண்டு நொடி செல்போனைப் பார்த்தால், சாலையைப் பார்க்காமல் 33 மீட்டர் போயிருப்பீர்கள்.