பிறப்பிலேயே வந்த எச்.ஐ.வி.யும் நம் வயதுப் பிள்ளைகளும்



"புள்ளிராஜா" என்ற பெயரை உங்கள் அப்பாவிடமோ சித்தப்பாவிடமோ சொல்லிப் பாருங்கள். சிரிப்பார்கள். 2003 வாக்கில் சென்னைச் சுவர்களிலெல்லாம் அந்தப் பெயர்தான். அவனுக்கு எய்ட்ஸ் வருமா, வராதா என்று ஊரே பேசியதாம். விளம்பரம் நல்ல விளம்பரம்தான். ஆனால் அதோடு ஒரு எண்ணமும் நம் ஜனங்கள் மனதில் ஒட்டிக்கொண்டது. எய்ட்ஸ் என்றால் ஒருவன் எங்கேயோ போய், எதையோ செய்து, தானே தேடிக்கொண்டது என்பதுதான் அது.

இந்தக் கணக்கில் சேராத ஒரு கூட்டம் இருக்கிறது. அம்மா வயிற்றில் இருந்தபோதோ, பிறக்கும்போதோ, தாய்ப்பால் குடித்தபோதோ வைரஸ் வந்துவிட்ட பிள்ளைகள். அவர்கள் இப்போது கைக்குழந்தைகள் இல்லை. நம் வயதுக்காரர்கள். பிளஸ் டூவில், ஐ.டி.ஐ.யில், பாலிடெக்னிக்கில், அம்பத்தூர் எஸ்டேட்டில் அப்ரண்டிஸாக, எங்கேயும் இருக்கலாம். அவர்கள் உடம்பைப் பற்றிக் கொஞ்சமும், மனசைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவும் இங்கே எழுதுகிறேன்.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது நம் சென்னையில்தான். 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி டாக்டர் நிர்மலாவும் இந்த ஆராய்ச்சியைச் செய்தார்கள். ரத்த மாதிரிகள் வேலூர் சி.எம்.சி.யில் சோதிக்கப்பட்டன. அதற்குப் பிறகு 18 வருடம் ஏழைகளுக்கு மருந்து எட்டாக்கனிதான். 2004 ஏப்ரல் 1-ல்தான் மத்திய அரசு எட்டு அரசு மருத்துவமனைகளில் இலவச ஏ.ஆர்.டி. மருந்தைத் தொடங்கியது. அதில் ஒன்று, நம்மவர்கள் இன்றும் டி.பி. ஆஸ்பத்திரி என்று சொல்லும் தாம்பரம் சானடோரியம். குழந்தைகளுக்கான தனித் திட்டம் 2006 கடைசியில் வந்தது. அதுவரை பெரியவர்கள் மாத்திரையை உடைத்துத்தான் குழந்தைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

மருந்தே இல்லாவிட்டால், வைரஸோடு பிறந்த குழந்தைகளில் கிட்டத்தட்ட பாதி இரண்டு வயதுக்குள் இறந்துவிடும். ஆகவே இன்று 18, 20 வயதில் இருப்பவர்களில் பெரும்பாலோர் அந்த மருந்தால் பிழைத்து வந்தவர்கள். இப்போது நிலைமை இன்னும் மாறிவிட்டது. சிகிச்சை இல்லையென்றால் 100 குழந்தைகளில் 15 முதல் 45 வரை தாயிடமிருந்து வைரஸ் வரலாம். கர்ப்பத்திலேயே கண்டுபிடித்து தாய் மருந்தை ஒழுங்காக எடுத்தால் அது 5-க்கும் கீழே வந்துவிடுகிறது.

அப்புறம் என்ன பிரச்சினை என்று கேட்பீர்கள். மருந்து கிடைக்கிறது, அதுவும் இலவசம். பிரச்சினை, அதைத் தினமும் போட வேண்டும் என்பதில் இருக்கிறது. ஒரு நாள் விடாமல், சாகும்வரை. பழைய மருந்துகளுக்கு டாக்டர்கள் 95 சதவீதம் என்று ஒரு கணக்கு சொல்வார்கள். மாதம் 30 மாத்திரையில் இரண்டை விட்டால் 93.3 ஆகிவிடும். நமக்கெல்லாம் 75 சதவீத அட்டெண்டன்ஸே மூச்சு வாங்குகிறது!

ஏன் இவ்வளவு கறார்? வைரஸ் தன்னைத்தானே காப்பி எடுத்துப் பெருகுகிறது. ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதுகிறவன் பிழையோடு எழுதுவது போல, அந்தக் காப்பியிலும் பிழைகள் விழும். ரத்தத்தில் மருந்து போதிய அளவு இருக்கும்வரை பெருக்கமே நடக்காது. மருந்து குறைந்தால் காப்பி மறுபடி தொடங்கும். பிழையான காப்பிகளில் ஏதாவது ஒன்று மருந்தைத் தாங்கும் சக்தி பெற்றுவிட்டால் அதுதான் பெருகும். அப்புறம் அந்த மருந்து வேலை செய்யாது. அடுத்த வரிசை மருந்துக்குப் போக வேண்டும். இப்போது கொடுக்கும் டோலுடெக்ராவிர் இந்த விஷயத்தில் பழையவற்றைவிடக் கெட்டியானது. அதற்காக இஷ்டத்துக்கு விடலாம் என்று அர்த்தமில்லை.

எந்த வயதில் மாத்திரை அதிகமாகத் தவறுகிறது என்று பார்த்தால், சின்னக் குழந்தையிலும் இல்லை, கல்யாணமான வயதிலும் இல்லை. 13-லிருந்து 20-க்குள், அதாவது நம் வயதில்தான். அதுவரை பாட்டியோ அத்தையோ கையில் வைத்து ஊட்டினார்கள். இப்போது தானே எடுக்க வேண்டும். அதோடு அந்த வயதில்தான் உண்மை தெரிய வருகிறது.

வீட்டில் பொதுவாகச் சொல்லமாட்டார்கள். "உனக்கு ரத்தம் கம்மி, சத்து மாத்திரை" என்பார்கள். இல்லையென்றால் டி.பி., இருதயம். குழந்தை வெளியே உளறிவிடும், தெருவில் பேச்சாகிவிடும் என்ற பயம். அம்மா அப்பாவுக்கோ, எங்களால்தான் இது என்ற குற்ற உணர்ச்சி வேறு. எங்கள் வீட்டில் மருந்து அட்டையைப் படித்துச் சொல்கிற ஆள் நான்தான். படித்தது நான் ஒருத்தன் என்பதால். இந்த மாதிரி வீடுகள் நம் பக்கம் ஏராளம். அப்படி ஒரு வீட்டில், ஏழாவதோ எட்டாவதோ படிக்கும் பிள்ளை தன் மாத்திரையின் பெயரைத் தானே எழுத்துக்கூட்டி, போனில் தட்டிப் பார்க்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் விளக்கிச் சொல்ல ஆளில்லை. ஒரே நிமிஷத்தில் மூன்று விஷயம் தெரிகிறது: எனக்கு எச்.ஐ.வி., அம்மாவுக்கும் அதுதான், இத்தனை வருஷம் என்னிடம் பொய் சொல்லியிருக்கிறார்கள். கோபத்தில் மாத்திரையைத் தூக்கி எறிந்தால் அதைத் திமிர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2011-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், பள்ளி வயதிலேயே, குழந்தையின் புரிதலுக்கு ஏற்றபடி படிப்படியாகச் சொல்லிவிடுங்கள் என்கிறது. முதலில் "உன் ரத்தத்தில் ஒரு கிருமி தூங்குது, மாத்திரை அதை எழுந்திருக்காம பாத்துக்குது" என்று சொல்லலாம். பெயரைப் பிறகு சொல்லலாம். நம்பிக்கையான ஒருவர் வாயால் கேட்ட பிள்ளை தாங்கிக்கொள்கிறது.

உடம்பும் இந்த வயதில் காட்டிக் கொடுக்கும். சிறுவயதில் சிகிச்சை தாமதமானவர்கள் குள்ளமாக இருப்பார்கள், வயதுக்கு வருவதும் தள்ளிப்போகும். முன்பு கொடுத்த ஸ்டாவுடின் என்ற மருந்து கன்னத்துச் சதையை வற்றவைத்தது. எஃபாவிரென்ஸ் என்ற மருந்து பலருக்குத் தலைசுற்றலும் விசித்திரமான கனவுகளும் கொடுத்தது. காலையில் முதல் பீரியடில் தூங்கி வழிகிறவன் எல்லாரும் ராத்திரி சினிமா பார்த்தவன் இல்லை. சிலருக்கு வைரஸ் சின்ன வயதிலேயே மூளையைத் தொட்டுவிடுவதால் கவனம், ஞாபகம் இரண்டும் கொஞ்சம் மந்தப்படும். அரியர் விழுந்தால் வாத்தியார் சோம்பேறி என்பார்.

அதற்கெல்லாம் மேலே துக்கம். பலருக்கு அப்பா இல்லை, சிலருக்கு இருவருமே இல்லை. சோகம், எரிச்சல், யாரோடும் ஒட்டாமை, சிலருக்குத் தற்கொலை எண்ணம் வரைக்கும் போகிறது. அமெரிக்காவில் நடந்த ஆய்வுகளில் ஒரு விஷயம் தெரிந்தது. எச்.ஐ.வி. உள்ள தாய்க்குப் பிறந்து, ஆனால் வைரஸ் வராத பிள்ளைகளுக்கும் இதே மனக் கஷ்டங்கள் நிறைய இருந்தன. அப்படியானால் வைரஸை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. வறுமை, இழப்பு, ஊர்ப் பேச்சு எல்லாம் சேர்ந்து செய்கிற வேலை இது. கேரளத்தில் கொல்லம் மாவட்டத்தில் 2003-ல் இரண்டு குழந்தைகளைப் பள்ளியில் சேர்க்கக்கூடாது என்று மற்றப் பெற்றோர்கள் எதிர்த்தார்களே, அந்தக் குழந்தைகளுக்கு அன்று வலித்தது கிருமியால் அல்ல.

மாத்திரை வாங்கப் போவதும் ஒரு வேலை. தாம்பரம் மட்டுமே இருந்த காலத்தில் அம்பத்தூரிலோ ஆவடியிலோ ஏறி, சென்ட்ரலில் இறங்கி, பார்க் ஸ்டேஷனுக்கு நடந்து, தாம்பரம் வண்டி பிடித்து, சானடோரியத்தில் இறங்க வேண்டும். ஒரு நாள் போச்சு. பிறகு வேறு அரசு மருத்துவமனைகளிலும் ஏ.ஆர்.டி. மையங்கள் வந்தன. ஆனாலும் லீவு லெட்டரில் என்ன எழுதுவது என்ற கேள்வி மாறவில்லை. ஒவ்வொரு முறையும் தாத்தா செத்துப்போக முடியுமா?

எது உதவுகிறது? ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே நாட்டில் 2004-ல் "ஸ்வாந்திரி" என்று ஒரு திட்டம் ஆரம்பித்தார்கள். "நான் இருக்கிறபடியே" என்று அர்த்தமாம். எச்.ஐ.வி.யோடு வளர்ந்த இளைஞர்களுக்கே பயிற்சி கொடுத்து, தங்களைவிடச் சின்னவர்கள் வீட்டுக்குப் போய்ப் பேசவைத்தார்கள். ஆராய்ந்து பார்த்தபோது, அந்தத் துணை கிடைத்தவர்களிடம் வைரஸ் நன்றாகக் கட்டுப்பட்டிருந்தது. டாக்டர் பத்து தடவை சொல்வதும், தானும் அதே மாத்திரையைப் போடுகிற அண்ணன் ஒருத்தன் ஒரு தடவை சொல்வதும் வேறு வேறுதான். நம் காலேஜ்களில் ரெட் ரிப்பன் கிளப் இருக்கிறது. டிசம்பர் 1-ல் கோலம், ஊர்வலம், சமோசா கொடுத்ததும் ஹால் பாதி காலி. எப்படிப் பரவும் என்று மட்டும்தான் அங்கே பேசுகிறார்கள். ஏற்கெனவே அதோடு வாழ்கிற ஒருவன் அந்தக் கூட்டத்திலேயே உட்கார்ந்திருக்கலாம் என்று யாரும் நினைப்பதாகத் தெரியவில்லை.

ஹாஸ்டலில் "என்னடா தினமும் மாத்திரை, எதுக்குடா?" என்று நாம் சும்மாதான் கேட்கிறோம். கேட்கப்பட்டவன் மறுநாள் பாத்ரூமில் போய் விழுங்குகிறான், அதற்கடுத்த நாள் விட்டுவிடுகிறான். ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ, ஒரே பெட்டில் படுப்பதாலோ, கபடி ஆடுவதாலோ இது ஒட்டாது. மருந்தால் வைரஸ் அளவு கண்டுபிடிக்க முடியாதபடி குறைந்தவரிடமிருந்து உடலுறவின் மூலமும் பரவுவதில்லை என்பது இன்று நிரூபணமான விஷயம். அவர்கள் கல்யாணம் செய்துகொள்கிறார்கள், பிள்ளை பெறுகிறார்கள்.

கேம்பஸ் இன்டர்வியூவுக்குத் தயாராகும் மூன்றாமாண்டு நண்பர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். 2017-ல் இயற்றி 2018 செப்டம்பர் 10 முதல் அமலில் உள்ள எச்.ஐ.வி. சட்டப்படி, வேலைக்கோ படிப்புக்கோ எச்.ஐ.வி. பரிசோதனையை நிபந்தனையாக வைக்கக்கூடாது. இதைக் காரணம் காட்டி நீக்கவும் கூடாது. ஒருவருடைய நிலையை அவர் சம்மதம் இல்லாமல் வெளியே சொல்வதும் தவறு. 100 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனத்தில் இதற்கென்று புகார் அலுவலர் இருக்க வேண்டும். அதே சட்டத்தில் இன்னொரு பிரிவு: பெற்றோர் நோயில் விழுந்த குடும்பத்தை 12 வயதுக்கு மேற்பட்ட பிள்ளை நடத்திவந்தால், தம்பி தங்கையைப் பள்ளியில் சேர்க்கவும் வங்கிக் கணக்கைப் பார்க்கவும் அந்தப் பிள்ளையே கார்டியனாகக் கையெழுத்துப் போடலாம். அப்படிக் கையெழுத்துப் போடும் பிள்ளைகள் இருப்பதால்தான் இப்படி ஒரு பிரிவு எழுத வேண்டி வந்தது.

நைட் ஷிஃப்ட் வந்தால் மாத்திரை நேரத்தை எப்படி வைத்துக்கொள்வது போன்ற சந்தேகங்களை ஏ.ஆர்.டி. மையத்து ஆலோசகரிடமே கேட்கலாம். பெயர் சொல்லாமல் போனில் பேச 1097, மனசு தாங்காதபோது பேச 14416. இரண்டுக்கும் காசு கிடையாது, இரண்டிலும் தமிழில் பேசலாம்.