மறைந்து வளர்ந்த இளவரசர்கள்: புதினப் பாத்திரங்களும் திரைத் தழுவலும்

முன்னுரை

சென்னைக்கு மேற்கே அம்பத்தூர், ஆவடி வழியாக அரக்கோணம் செல்லும் இருப்புப்பாதையில் அமைந்துள்ளது திருவாலங்காடு. அவ்வூரில் கிடைத்த முதலாம் இராசேந்திரன் செப்பேடு, குடிமக்கள் வேண்டியும் அருண்மொழி தம் சிற்றப்பன் முறையினரான மதுராந்தகர் நாட்டை விரும்பும்வரை அரசை ஏற்க உடன்படவில்லை எனக் கூறுகிறது. 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வெளிவந்த ‘பொன்னியின் செல்வன்’ புதினத்தின் முடிவுக்கு இச்செய்தியே அடித்தளம். அம்முடிவு திரையில் ஏன் மாறியது என்பதை ஓர் அயல்மொழி மிகுபுனைவுத் தொலைக்காட்சித் தொடருடன் ஒப்பிட்டு இக்கட்டுரை விளக்குகிறது.

புதினத்தில் பாத்திரப் பிளவு

கல்கி மதுராந்தகன் பாத்திரத்தை இரண்டாகப் பிரிக்கிறார். அரண்மனையில் வளர்ந்து அரியணைக்கு ஆசைப்படுபவன் உண்மையில் மந்தாகினியின் மகன், நந்தினியின் உடன்பிறந்தான். செம்பியன் மாதேவியின் உண்மை மகனோ தஞ்சை நந்தவனத்தில் வாய்பேசாத வளர்ப்புத் தாயுடன் வாழ்ந்து பூத்தொடுக்கும் சேந்தன் அமுதன். முடிசூட்டு விழாவில் அருண்மொழி அவன் தலையில் மகுடத்தை வைக்கிறார். ‘தியாகச் சிகரம்’ என்னும் ஐந்தாம் பாகத்தின் பெயர் இக்காட்சியில் முழுப்பொருள் பெறுகிறது. ஓடம் செலுத்திய பூங்குழலி சோழப் பேரரசியாவதும் இதனால்தான்.

திரையில் பாத்திர இணைப்பு

மணிரத்னம் இயக்கி 2022, 2023ஆம் ஆண்டுகளில் வெளிவந்த இருபாகத் திரைப்படத்தில் இவ்வாள்மாறாட்டம் இல்லை. சேந்தன் அமுதன் வருகிறான்; அவனது பிறப்பு மறைபொருள் வரவில்லை. அரியணைக்காகச் சதிக்கு உடன்பட்ட மதுராந்தகனே முடிசூடுகிறான். ஐந்து பாகங்களை ஏறத்தாழ ஐந்தரை மணி நேரத்தில் அடக்க வேண்டியிருந்ததே காரணம் என எளிதாகக் கூறிவிடலாம். அவ்விளக்கம் போதாது என்பதை ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ காட்டுகிறது.

ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் புதின வரிசையில் 2011இல் வெளிவந்த ஐந்தாம் நூல், ‘இளம் கிரிஃப்’ என்னும் பெயரில் படகில் மறைந்து வாழும் இளைஞனை அறிமுகம் செய்கிறது. இறந்ததாகக் கருதப்பட்ட இளவரசன் ஏகான் அவனே என்பது அவனைச் சார்ந்தோர் கூற்று. எளிய வாழ்வில் பழகியமையே அவனுடைய அரசத் தகுதியாக அங்கு எடுத்துரைக்கப்படுகிறது. 2011 முதல் 2019 வரை 73 பகுதிகளாக ஒளிபரப்பான தொடரில் இப்பாத்திரம் இடம்பெறவில்லை. ஏகான் என்னும் பெயரும் மறைந்த இளவரசன் என்னும் நிலையும், பார்வையாளர் தொடக்கம் முதலே அறிந்த ஜான் ஸ்னோவிடம் சேர்கின்றன.

கால அளவு மிகுந்த தொடரும் குறைந்த திரைப்படமும் ஒரே முடிவை எடுத்துள்ளன. வாரந்தோறும் வாசகரைச் சந்தித்த கல்கி, சிறு பாத்திரமாகத் தோன்றிய ஒருவனின் தகுதியைப் பல அத்தியாயங்களில் சிறிது சிறிதாக உயர்த்த முடிந்தது. திரைக்கதையோ முன்னரே மனத்தில் பதிந்த முகத்தின் மீதே இறுதித் திருப்பத்தை ஏற்ற விரும்புகிறது.

இழப்பும் பேறும்

இவ்விணைப்பால் பூங்குழலியின் வளர்ச்சி பாதியில் நிற்கிறது. பூத்தொடுத்த கை செங்கோல் ஏந்தும் அறக்காட்சியும் மறைகிறது. எனினும் பேறு ஒன்று உண்டு. புதினத்தில் ஆசை கொண்டவன் விலக, ஆசையற்றவன் அரசனாகிறான். மதுராந்தகன் மனம் மாறத் தேவையில்லை, ஆளே மாறிவிடுகிறான். திரைப்படத்தில் அருண்மொழி தமக்கு எதிராக நின்றவனுக்கே நாட்டை அளிக்கிறார். நாட்டை விரும்பியவரிடமே நாட்டை விட்ட செப்பேட்டுச் செய்திக்கு இது நெருக்கமானது.

முடிவுரை

ஆகவே, தழுவலை மதிப்பிடும் ஆய்வாளர் நீக்கப்பட்ட பாத்திரங்களைப் பட்டியலிடுவதோடு அமைதல் கூடாது. நீக்கத்தின்பின் எஞ்சிய பாத்திரம் எப்பொறுப்பை ஏற்கிறது என்பதையும் காண வேண்டும். கல்கியின் தியாகம் தகுதியுடையவனை அறிந்து அளித்தது. திரையின் தியாகம் தகுதியை ஆராயாது அளித்தது. இரண்டும் ஒரே செப்பேட்டு வரிக்கு எழுதப்பட்ட வெவ்வேறு உரைகள்.