தன் இசைத்தட்டிடமே பாடம் கேட்டவர்

மருத்துவ ஆய்விதழ்களில் நோயாளிக்குப் பெயர் இருக்காது. முதலெழுத்துகள், வயது, ஆணா பெண்ணா என்ற குறிப்பு, அவ்வளவுதான். 2014இல் ‘வேர்ல்டு நியூரோசர்ஜரி’ என்ற இதழில் வந்த ஒரு கட்டுரையில் மட்டும் நோயாளியின் முழுப்பெயர் தலைப்பிலேயே இருந்தது: பேட் மார்டினோ, ஜாஸ் கிட்டார் கலைஞர். கட்டுரையை எழுதியவர்களில் ஒருவர் ஃபிரெட்ரிக் சிமியோன். 1980இல் மார்டினோவின் மண்டையோட்டைத் திறந்து, மூளையின் ஒரு பகுதியை வெட்டி எடுத்து, அவர் உயிரைக் காப்பாற்றிய அறுவை நிபுணர் அவர்தான். கிட்டத்தட்ட ஒரு தலைமுறைக் காலம் கழித்து, தன் நோயாளிக்கு என்ன நடந்தது என்று உலகத்துக்குச் சொல்ல அவரும் சேர்ந்து உட்கார்ந்து எழுதியிருக்கிறார்.

நடந்ததை அதிசயம் என்று பலர் எழுதிவிட்டார்கள். அதில் எனக்கு உடன்பாடு இல்லை. அதிசயம் என்று சொல்லி நகர்ந்துவிட்டால், மார்டினோ என்ற ஆசிரியர் மார்டினோ என்ற மாணவனுக்கு ஆண்டுக்கணக்கில் பாடம் எடுத்த உழைப்பு நம் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

1944 ஆகஸ்ட் 25 அன்று பிலடெல்பியா நகரில் ஓர் இத்தாலிய-அமெரிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். இயற்பெயர் பேட் அஸாரா. தந்தை உள்ளூர் விடுதிகளில் பாடியவர்; ‘மார்டினோ’ அவர் வைத்துக்கொண்ட மேடைப்பெயர். மகன் 12 வயதில் கிட்டாரைத் தொட்டான். டென்னிஸ் சாண்டோல் என்ற ஆசிரியரிடம் அனுப்பப்பட்டான். சாக்ஸபோன் மேதை ஜான் கோல்ட்ரேனும் அதே சாண்டோலிடம் பாடம் கேட்டவர். 15 வயதில் பள்ளியை விட்டுவிட்டு முழுநேர இசைஞரான மார்டினோ, நியூயார்க்கின் ஹார்லெம் பகுதிக்குப் போய், கறுப்பினக் கலைஞர்களின் ஆர்கன் இசைக்குழுக்களில் இரவிரவாக வாசித்தார். 1967இல் ‘எல் ஹோம்ப்ரே’ என்ற முதல் ஆல்பம் வந்தது. அடுத்த ஆண்டே ‘பையினா’. அதில் கிட்டாரோடு தபலாவும் தம்புராவும் ஒலிக்கின்றன. இந்தியத் தாளக் கணக்குகளின் மீது அந்த வயதிலேயே அவருக்கு இருந்த ஈர்ப்பு அதில் தெரியும்.

அவர் வாசிப்பின் தனித்தன்மை, இடைவெளியே இல்லாமல் ஓடும் நீண்ட சுர வரிசைகள். ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக, அழுத்தமாக விழும். மின்கிட்டார் கலைஞர்கள் பொதுவாக 0.009 முதல் 0.012 அங்குலத் தடிமனுள்ள முதல் கம்பியைக் கட்டுவார்கள். மார்டினோ கட்டியது 0.015, 0.016 அங்குலம். அந்தக் கம்பியை அந்த வேகத்தில் மணிக்கணக்கில் மீட்டுவதற்கு விரலிலும் முன்கையிலும் எவ்வளவு வலு வேண்டும் என்பது கிட்டார் பழகியவர்களுக்குத் தெரியும்.

1970களின் நடுவில் உடல் படுத்தத் தொடங்கியது. தலைவலி, மனக்குழப்பம், திடீர் வெறிப்பு. 1976இல் பிரான்சில் ஒரு மேடையில் வாசித்துக்கொண்டிருந்தபோதே வலிப்பு வந்தது. மனச்சிதைவு என்றார்கள்; வெறியும் சோர்வும் மாறி மாறி வரும் மனநோய் என்றார்கள். பூட்டிய வார்டுகளில் இருந்திருக்கிறார், மின்னதிர்ச்சி சிகிச்சை பெற்றிருக்கிறார். மேடையை விட்டு விலகி, கலிபோர்னியாவில் ஒரு கிட்டார் பயிற்சி நிலையத்தில் ஆசிரியரானார். நோய் அங்கேயும் விடவில்லை. 1980இல் எடுத்த ஸ்கேனில்தான் காரணம் தெரிந்தது. உயிர் பிழைக்க இரண்டே மணி நேரம்தான் இருக்கிறது என்று அப்போது சொல்லப்பட்டதாக அவர் பிறகு நினைவுகூர்ந்தார். பெற்றோர் இருந்த பிலடெல்பியாவுக்குப் பறந்துவந்து அறுவை சிகிச்சை செய்துகொண்டார்.

காரணம், பிறவியிலேயே அமைந்ததாகக் கருதப்படும் ஒரு ரத்தக்குழாய்ப் பின்னல். இதயத்திலிருந்து வேகமாக வரும் ரத்தம் தமனிகள் வழியே மூளைக்குள் நுழைந்து, மயிரிழையை விட மெல்லிய தந்துகிகளில் பரவி, வேகம் தணிந்து, பிராணவாயுவைத் திசுக்களுக்குக் கொடுத்துவிட்டுச் சிரைகளில் வடிய வேண்டும். ஆற்று நீர் வாய்க்கால்களில் பிரிந்து, வயலில் பரவி நின்று, பிறகு வடிகாலுக்குப் போவதைப் போன்ற ஏற்பாடு இது. மார்டினோவின் இடது மூளையில் ஓரிடத்தில் தந்துகிகளே உருவாகவில்லை. தமனி நேராகச் சிரையில் இணைந்திருந்தது. அழுத்தம் தாங்க முடியாத சிரைச் சுவர் உப்பும், என்றாவது வெடிக்கலாம். பக்கத்துத் திசுக்களுக்குப் போக வேண்டிய ரத்தம் குறைவதால், அங்குள்ள நரம்பணுக்களில் கட்டுக்கு மீறிய மின்துடிப்பு உண்டாகி வலிப்பு வரலாம்.

பின்னல் இருந்த இடம் காதுக்கு மேலே, மூளையின் இடது பக்க மடல். இங்கே தோன்றும் வலிப்பில் கைகால் வெட்டி இழுக்காமலே போகலாம். காரணமில்லாத அச்சம், இல்லாத வாசனை, முன்பே இதெல்லாம் நடந்ததுபோன்ற உணர்வு, சில நொடிகள் வெறித்த பார்வை என்றுதான் பல நேரம் வெளிப்படும். பார்ப்பவர்களுக்கு அது மனநோயாகத் தோன்றும். மூளையை உள்ளே எட்டிப் பார்க்க உதவும் சி.டி. ஸ்கேன் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு எடுக்கப்பட்டதே 1971இல்தான். அதைக் கண்டுபிடித்தவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது 1979இல். மார்டினோ அந்தக் கருவி பரவிவந்த நேரத்தில் நோயுற்றார். பத்தாண்டு முன்னால் என்றால், கடைசிவரை மனநல வார்டிலேயே இருந்திருக்கக்கூடும். இன்று அந்தக் கருவி மாவட்டத் தலைநகரங்களில்கூட இருக்கிறது. இத்தகைய வினோத நொடிகள் ஒருவருக்குத் திரும்பத் திரும்ப வந்தால் நரம்பியல் மருத்துவரிடம் காட்டத் தயங்க வேண்டாம்.

அறுவை சிகிச்சையில் இடது பக்க மடலின் பெரும்பகுதி எடுக்கப்பட்டது. சுமார் 70 விழுக்காடு என்று பின்னாளில் எடுத்த ஸ்கேன் காட்டியது. கண் விழித்த மார்டினோவுக்குக் கட்டிலருகே நின்ற தாயையும் தந்தையையும் அடையாளம் தெரியவில்லை. தான் இசைக்கலைஞன் என்பதும் தெரியவில்லை. தந்தை வீட்டில் மகனின் பழைய இசைத்தட்டுகளை ஓடவிடுவார். கீழே அந்த இசை கேட்கும்போது மேலே படுத்திருக்கும் மகனுக்கு அது ஒரு தொந்தரவாக மட்டுமே இருந்தது. அவர் அதைத் தன் வாசிப்பாக உணரவில்லை. அதுவரை சேர்த்த ஒரு வாழ்க்கை அவருக்கு அந்நியமாகிவிட்டது.

நினைவு என்று நாம் ஒரே பெயரில் அழைப்பது மூளையில் பல தனித்தனி ஏற்பாடுகள். இதை அறிவியலுக்குக் கற்றுக்கொடுத்தவர் ஹென்றி மொலைசன். வலிப்பைக் குணப்படுத்த 1953இல் அவருக்கு இரு பக்க மடல்களின் உட்பகுதியும், அதிலுள்ள ஹிப்போகேம்பஸில் பெரும்பங்கும் எடுக்கப்பட்டன. அதன்பின் புதிதாக எந்த நிகழ்ச்சியும் அவர் மனதில் தங்கவில்லை. ஆனால் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே நட்சத்திரம் வரையும் பயிற்சியை பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் கொடுத்தபோது, நாளுக்கு நாள் அவர் கை தேறியது. முந்தைய நாள் வரைந்தது அவருக்கு நினைவில்லை; கைக்கு இருந்தது. நிகழ்ச்சிகளும் பெயர்களும் முகங்களும் ஹிப்போகேம்பஸின் உதவியோடு பதிகின்றன. கைப்பழக்கம் மூளையின் அடிப்புறக் கருக்களிலும் சிறுமூளையிலும் இயக்கப் புறணியிலும் பதிகிறது. இந்த இடங்களைச் சிமியோனின் கத்தி தொடவில்லை.

அப்படியானால் மார்டினோவால் உடனே வாசிக்க முடிந்திருக்க வேண்டுமே? முடியவில்லை. எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இந்த இடம்தான். பிரிட்டன் இசைஞர் கிளைவ் வேரிங்குக்கு 1985இல் மூளைக்காய்ச்சலால் நினைவு அழிந்தது. சில நொடிகளுக்கு மேல் எதுவும் தங்காத நிலையிலும் அவர் பியானோ முன் உட்கார்ந்தால் வாசித்தார். மார்டினோவுக்கு அப்படி அமையவில்லை. கையின் பழக்கம் உள்ளே எங்கோ இருந்தாலும், அதை எழுப்பும் விருப்பம் போயிருந்தது. கிட்டாரைத் தொடவே அவருக்கு ஆசை இல்லை. சாதகமாக இருந்தது ஒன்று: வலது ஹிப்போகேம்பஸ் நலமாக இருந்தது. மொலைசனைப் போலன்றி, அவரால் புதிதாகக் கற்க முடியும்.

அவர் கற்றார். முதலில் கணினியின் உதவியோடு முயன்றார். பிறகு, ஒரு விளையாட்டுப் பொருளை எடுப்பதுபோல் கிட்டாரைக் கையில் எடுத்தார். தன் பழைய ஆல்பங்களை ஓடவிட்டு, அந்த அந்நிய மனிதர் என்ன செய்கிறார் என்று கவனித்து, விரலை வைத்துப் பார்த்தார். வைக்க வைக்க, விரல்களின் பழைய பழக்கம் துண்டு துண்டாக விழித்துக்கொண்டது என்று அவர் சொல்லியிருக்கிறார். 1987 பிப்ரவரியில், நியூயார்க்கின் ‘ஃபேட் டியூஸ்டேஸ்’ விடுதி மேடையில் மீண்டும் வாசித்தார். அந்த ஒலிப்பதிவுக்கு ‘தி ரிட்டர்ன்’ என்று பெயர்.

மூளை இதற்கு எப்படி இடம் கொடுத்தது? அந்த 2014 கட்டுரையோடு, பிரெஞ்சு நரம்பு அறுவை நிபுணர் ஹ்யூக் டுஃபோ எழுதிய ஒரு விளக்கமும் வெளிவந்தது. நோயாளி விழித்திருக்கும்போதே மூளை அறுவை செய்வதில் உலகப் புகழ் பெற்றவர் அவர். பக்கவாதம்போல் நொடியில் தாக்கும் நோய் மூளைக்கு அவகாசம் தராது. மெல்ல வளரும் நோய் தரும். சிறு வயதிலிருந்தே பின்னல் இருந்த மூளையில், அந்தப் பகுதி செய்ய வேண்டிய பல வேலைகள் அறுவைக்கு முன்பே வேறு பகுதிகளுக்கு இடம் மாறியிருக்கலாம் என்பது நிபுணர்களின் கருத்து. அப்படி இடம் மாறிய திறனும் பயிற்சியின்றி வெளியே வராது என்பதை மார்டினோவின் ஏழு ஆண்டுகள் சொல்கின்றன.

அவர் ஆசிரியராக இருந்ததும் இதில் உதவியிருக்கிறது என்று நான் நம்புகிறேன். மார்டினோ கிட்டாரைக் கற்பித்த முறை மனப்பாடத்தைச் சாராதது. கர்நாடக இசைக்கும் மேற்கத்திய இசைக்கும் பொதுவான பன்னிரண்டு சுரத்தானங்களை ஒரு வட்டமாக எண்ணிக்கொள்ளுங்கள். அதில் மூன்று மூன்று படிகள் தள்ளி நான்கு சுரங்களை எடுத்தால் ‘டிமினிஷ்டு’ என்ற கூட்டொலி. அந்த நான்கில் எந்த ஒன்றை அரைச்சுரம் இறக்கினாலும் ஜாஸில் அன்றாடம் புழங்கும் ‘டாமினன்ட் செவன்த்’ கூட்டொலி ஒன்று பிறக்கும். டிமினிஷ்டு வகையில் மொத்தமே மூன்றுதான். மூன்றிலிருந்து பன்னிரண்டும் பிறந்துவிடும். நான்கு நான்கு படிகள் தள்ளி எடுக்கும் ‘ஆக்மென்டட்’ கூட்டொலியில் ஒரு சுரத்தை இறக்கினால் ‘மேஜர்’, ஏற்றினால் ‘மைனர்’. நூற்றுக்கணக்கான கைநிலைகளை இப்படி இரண்டு தாய் வடிவங்களில் அடக்கிவிட்டார். பட்டியலாகக் கற்றது அழிந்தால் ஒவ்வொன்றையும் மீண்டும் சேகரிக்க வேண்டும். தர்க்கமாகக் கற்றதில் ஒரு நுனி கிடைத்தாலும் மீதியை வருவித்துக்கொள்ளலாம். பிலடெல்பியாவின் கலைப் பல்கலைக்கழகத்திலும், உலகெங்கும் பட்டறைகளிலும், பாடக் காணொளிகளிலும் இதையே சொல்லிக்கொடுத்தார்.

திரும்பி வந்தவர் முழுக் கலைஞராகவே வந்தார். 2001இல் ‘லைவ் அட் யோஷிஸ்’, 2003இல் ‘திங்க் டேங்க்’ ஆல்பங்கள் கிராமி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டன. 2011இல் தன் வரலாற்றை ‘ஹியர் அண்ட் நவ்’ என்ற நூலாக எழுதினார். நேற்றை இழந்த மனிதர் இன்றைத் தவிர வேறெதிலும் மனம் வைக்க மறுத்தார்.

முதுமையில் நோய் வேறு வழியாக வந்தது. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். காற்றுப்பைகளின் சுவர் சிதைந்து, உள்ளே போன காற்று முழுதாக வெளியேறாமல் தேங்கும். 2018இன் இறுதியில் இத்தாலியப் பயணத்துக்குப் பிறகு ஆக்ஸிஜன் உதவியின்றி இருக்க முடியாத நிலை; வாசிப்பும் நின்றது. கிட்டாரை வாயால் ஊதுவதில்லையே, வாசிப்பு ஏன் நிற்க வேண்டும்? இந்த நோயில் உதரவிதானம் தட்டையாகி வலுவிழப்பதால், கழுத்தும் தோளும் மார்பும் சேர்ந்த தசைகள்தான் மூச்சை இழுக்கும் பொறுப்பில் பெரும்பங்கை ஏற்கின்றன. கையைத் தூக்கி ஒரு வேலை செய்தால் அதே தசைகள் இரண்டு பக்கம் இழுபடும், மூச்சு முட்டும். அவ்வளவு தடித்த கம்பியை மீட்டியவருக்கு அந்த வலு மூச்சுக்கே போதவில்லை. மாணவர்களும் சக கலைஞர்களும் ரசிகர்களும் பணம் திரட்டி அவர் பராமரிப்புக்குக் கொடுத்தார்கள். 2021 நவம்பர் 1 அன்று, 77 வயதில், பிறந்த ஊரான பிலடெல்பியாவிலேயே காலமானார்.

‘எல் ஹோம்ப்ரே’ என்ற அதே உருப்படியை அவர் 1967இல் வாசித்தது முதல் ஆல்பத்தில் இருக்கிறது. அறுவை சிகிச்சைக்கு இருபது ஆண்டுகளுக்குப் பின் வாசித்தது ‘லைவ் அட் யோஷிஸ்’ ஆல்பத்தில் இருக்கிறது. இரண்டும் இணையத்தில் கிடைக்கின்றன. முதலில் பழையதை, உடனே புதியதை, ஒரே மூச்சில் கேட்டுப் பாருங்கள்.