எஃகின் உள்ளே ஒளிந்திருக்கும் குழிகள்

கையில் கிடைக்கும் கம்பித் துண்டு ஒன்றை வளைத்துப் பாருங்கள். முதல் வளைவு எளிது. அதே இடத்தில் முன்னும் பின்னும் வளைக்க வளைக்கக் கம்பி முரண்டு பிடிக்கும். இறுதியில் ஒடிந்து விடும். செம்புத் தேக்ஸாவைத் தட்டி உருவாக்கும் கன்னார் இதை நன்கறிவார். அடி விழ விழத் தகடு விறைத்துப் போவதால், இடையிடையே நெருப்பில் காய்ச்சி இளக வைப்பார். இரும்பின் பெயரையே தாங்கிய ‘அல் ஹதீத்’ அத்தியாயத்தைத் திருமறையில் ஓதும் நமக்கு, உலோகத்தினுள் என்ன நிகழ்கிறது என்றறியும் ஆவல் எழுவது இயல்பே.

உலோகத்தில் அணுக்கள், தொழுகையில் நிற்கும் ஸஃப்புகளைப் போல் வரிசை வரிசையாக நிற்கின்றன. அடிக்கும்போதும் வளைக்கும்போதும் அந்த ஸஃப்பு கலைகிறது. சில இடங்களில் ஓர் அணு இன்றிக் குழி விழுகிறது. சில இடங்களில் வரிசையே பிறழ்ந்து பாதியில் நின்று விடுகிறது. இப்பிறழ்வுகள் பெருகி ஒன்றையொன்று மறிப்பதே விறைப்புக்குக் காரணம்.

வாணியம்பாடிப் பக்கத்து நேயர்கள் ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வான் ஆய்வுக்கூடத்தை அறிவீர்கள். அங்கு 1986ல் திறக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி எட்டாத விண்மீன்களைக் காட்டுகிறது. ஆனால் ஓரணு அளவேயான குழியைக் காண ஒளியும் கண்ணாடியும் உதவா. அதற்குக் கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்து விஞ்ஞானிகள் கையாண்டது, பாசிட்ரான்.

1932ல் அமெரிக்க விஞ்ஞானி கார்ல் ஆண்டர்சன் கண்டறிந்த துகள் இது. எலெக்ட்ரானின் இரட்டைப் பிறவி. மின்னேற்றம் மட்டும் நேர்மாறு. (மருத்துவமனைகளில் ‘பெட் ஸ்கேன்’ எடுப்பதும் இதன் துணையால்தான்.) சோடியம்-22 ஒரு பாசிட்ரானை உமிழும்போதே காமாக் கதிர் ஒன்றும் வெளிப்படும். அது பிறப்புச் செய்தி. உலோகத்தினுள் புகுந்த பாசிட்ரான் ஓர் எலெக்ட்ரானைச் சந்தித்ததும் இரண்டும் அழிந்து இரு காமாக் கதிர்களாகும். அது இறப்புச் செய்தி. இடைப்பட்ட ஆயுள், குறையற்ற இரும்பில் சுமார் 110 பிகோ நொடி. ஒரு நொடியை லட்சம் கோடிப் பங்காக்கினால் ஒரு பங்கே பிகோ நொடி! குழியிலோ, நேர் மின்னேற்றத்தால் விலக்கித் தள்ளும் அணுக்கரு இல்லை. ஆகவே பாசிட்ரான் அங்கே தங்கி விடும். எலெக்ட்ரான்களும் அங்கு அரிது. எனவே ஆயுள் சுமார் 175 பிகோ நொடியாக நீள்கிறது. பத்து லட்சம் அணுக்களில் ஒன்று குறைந்தாலும் தெரிந்து விடும்.

இத்தனை பாடு எதற்கு? வேக ஈனுலையில் அணு எரிபொருளைத் தாங்கும் மெல்லிய எஃகுக் குழாய்கள் இடைவிடாத நியூட்ரான் தாக்குதலில் நிற்கின்றன. அதனால் விளையும் குழிகள் ஒன்று திரண்டால் எஃகே உப்பிப் போகும். குழாய்களுக்கிடையே பாய்ந்து அவற்றைக் குளிர்விக்கும் திரவ சோடியத்தின் வழி குறுகும். கதிரியக்கப் பொருளை அடக்கி வைக்கும் முதல் சுவரும் அக்குழாய்தான். ஆகவே ‘டி-9’ என்னும் எஃகில் சிறிது டைட்டானியம் கலந்து, சூடேற்றாமலேயே 20 விழுக்காடு உருக்குலைத்து, வேண்டுமென்றே பிறழ்வுகளை உண்டாக்குகிறார்கள். பின்னர் வெப்பம் ஏறுகையில், டைட்டானியம் கரியுடன் கூடி அப்பிறழ்வுகளின் மீது நுண்துகள்களாகப் படிகிறது. குழிகளைத் திரளவிடாமல் தடுப்பவை இத்துகள்களே.

அவை எவ்வெப்பத்தில் தோன்றுகின்றன என்பதை 1990களில் கல்பாக்கம் ஆய்வாளர்கள் பாசிட்ரானைக் கொண்டு ஆராய்ந்தனர். உருக்குலைந்த உலோகத்தைச் சூடேற்றினால் பிறழ்வுகள் ஆறி, பாசிட்ரானின் ஆயுள் குறைந்துகொண்டே வரவேண்டும். இந்த எஃகிலோ, குறைந்து வந்த ஆயுள் ஒரு கட்டத்தில் மீண்டும் ஏறியது. டைட்டானியம் கார்பைடு பிறந்து விட்டதென்று அந்த ஏற்றம் அவர்களுக்குச் சொல்லிற்று.