மருந்தின் மறுபக்கம்

காசநோய்க்கு மருந்து உண்ணத் தொடங்கிய ஒருவர், மறுநாள் காலையில் தம் சிறுநீர் செம்மஞ்சள் நிறமாக இருக்கக் கண்டு திடுக்கிடுகிறார். இரத்தம் கலந்துவிட்டதோ என அஞ்சி, யாரிடமும் சொல்லாமல் எல்லா மாத்திரைகளையும் நிறுத்திவிடுகிறார். அவர் அச்சம் நியாயமானதா? அவர் செய்தது சரியா? ஆராய்வோம்.

நிறம் எங்கிருந்து வந்தது?

காசநோய் மருந்துகளுள் ஒன்றான ரிஃபாம்பிசின் இயல்பாகவே செந்நிறத் தூள். வெள்ளொளியின் நீலப் பகுதியை, அதாவது சுமார் 475 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய ஒளியை, அதன் மூலக்கூறுகள் உறிஞ்சிக்கொள்கின்றன. நீலம் நீங்கிய எஞ்சிய ஒளி நம் கண்ணுக்குச் செம்மஞ்சளாகத் தெரிகிறது. இம்மருந்தின் ஒரு பகுதி சிறுநீர், வியர்வை, கண்ணீர் ஆகியவற்றில் கலப்பதால் அவையும் அந்நிறம் பெறுகின்றன. இந்நிற மாற்றத்தால் தீங்கு இல்லை. மருந்து இரத்தத்தில் கலந்து உடல் முழுவதும் பரவியதற்கு அது சான்று எனலாம்.

பக்க விளைவுகளுக்குக் காரணமும் இதுவே. கிருமி இருக்கும் இடத்தை மட்டும் தேடிச் செல்ல மருந்துக்கு வழி தெரியாது. இரத்தம் பாயும் இடமெல்லாம் அதுவும் போகிறது. போன இடத்தில் வேறு வேலைகளிலும் குறுக்கிடுகிறது.

பாதத்தில் எரிச்சல்

1952 முதல் பயன்பட்டு வரும் ஐசோனியசிட்டை எடுத்துக்கொள்வோம். இது உடலிலுள்ள வைட்டமின் பி6 உடன் இணைந்து, அதைச் சிறுநீர் வழியே வெளியேறச் செய்கிறது. நரம்புகளுக்கு அவ்வைட்டமின் தேவை. அது குறைந்தால் பாதங்களில் மதமதப்பும் எரிச்சலும் தோன்றும். பரிகாரம் எளிது. பி6 சத்தான பைரிடாக்சின் மாத்திரையையும் மருத்துவர் சேர்த்துத் தருவார்.

கண்ணாடி மாற்றினால் போதுமா?

எதாம்பியூட்டால் என்னும் மருந்து மிகச் சிலருக்குப் பார்வை நரம்பைத் தாக்கும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிவது கடினமாகும்; எழுத்துகள் மங்கும். இங்கே கண்ணின் லென்சில் குறையில்லை. பிம்பம் விழித்திரையில் சரியாகவே விழுகிறது. செய்தியை மூளைக்குக் கொண்டு செல்லும் நரம்பில்தான் பழுது. ஆகவே கண்ணாடி மாற்றிப் பயனில்லை. மருத்துவர் உரிய காலத்தில் இம்மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் பார்வை மெல்ல மீளும். தாமதித்தால் குறை நிலைத்துவிடவும் கூடும்.

இதுபோன்ற மற்றோர் அபாய அறிகுறி மஞ்சள் காமாலை. கண்ணின் வெண்பகுதி மஞ்சளாகி, பசியின்மையும் வாந்தியும் இருந்தால் கல்லீரல் பாதிக்கப்பட்டிருக்கலாம். பார்வைக் கோளாறோ காமாலையோ கண்டால், அடுத்த வேளை மாத்திரையை உண்ணுமுன் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

தாமாக நிறுத்தினால்?

சாதாரணக் காசநோய்க்குச் சிகிச்சை ஆறு மாதம். சில வாரங்களில் இருமல் தணிந்துவிடும். ஆனால் கிருமிகள் முற்றும் அழிந்திருக்கமாட்டா. நடுவில் நிறுத்தினால் எஞ்சியவை மீண்டும் பெருகும். அவற்றுள் மருந்தை எதிர்க்கவல்லவையும் இருந்தால், அடுத்த முறை அதே மருந்து பலிக்காது. அக்கிருமி வீட்டிலுள்ள பிறருக்கும் தொற்றலாம்.

சென்னையில் 1956-இல் தொடங்கிய புகழ்பெற்ற ஆய்வொன்றில், 193 நோயாளிகளுள் ஒரு பகுதியினர் சானடோரியத்திலும், மற்றவர்கள் தம் வீடுகளிலும் சிகிச்சை பெற்றனர். பலன் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. அதன்பின் வீட்டுச் சிகிச்சை உலகெங்கும் பரவியது. ஆனால் வீட்டில் அருகே மருத்துவர் இல்லை. உடலில் தோன்றும் மாற்றத்தைக் கவனித்துச் சொல்லும் பொறுப்பு நோயாளிக்கும் குடும்பத்தாருக்கும் வந்து சேர்ந்தது.

அதில் மாணவர்களாகிய நீங்களும் உதவலாம். ஆய்வுக்கூடத்தில் அளவீடுகளைக் குறிப்பது போல, வீட்டில் மருந்து உண்பவருக்காக ஒரு குறிப்பேடு வையுங்கள். எந்த மருந்து, எத்தனை மணிக்கு, என்ன மாற்றம், எந்த நாளில் தொடங்கியது என எழுதுங்கள். அதை மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். சிறுநீரின் நிறம் கண்டு அஞ்சியவர், மருந்தை நிறுத்துமுன் மருத்துவரை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். அச்சமும் நீங்கியிருக்கும், சிகிச்சையும் தொடர்ந்திருக்கும்.