ஆட்சி மாற்றமும் குடிமக்கள் கடமையும்

ஆயுதமின்றி ஆட்சியை மாற்றும் உரிமையே மக்களாட்சியின் உயிர்நாடி. 2022இல் இரு மாவட்டங்களாகப் பிரிந்த சித்தூர், திருப்பதிப் பகுதி இதற்குச் சான்று பகரும்.

ஆந்திரப் பிரதேசத்தை 1956 முதல் காங்கிரஸ் கட்சியே ஆண்டுவந்தது. என். டி. இராமராவ் 1982 மார்ச்சில் தெலுங்கு தேசம் கட்சியைத் தோற்றுவித்தார். 1983 ஜனவரித் தேர்தலில் அவர் திருப்பதியிலும் குடிவாடாவிலும் வென்றார். 294 இடங்களில் 200க்கு மேற்பட்டவை அவர் கட்சிக்குக் கிடைத்தன. காங்கிரஸ் வேட்பாளரான சந்திரபாபு நாயுடு சந்திரகிரியில் தோற்றார். பின்னர்க் கட்சி மாறிய அவர், குப்பம் தொகுதியின் உறுப்பினராக இருந்து முதலமைச்சரானார். 2019இலும் 2024இலும் வாக்காளர் மீண்டும் ஆட்சியை மாற்றினர்.

வாக்களித்தபின் விழிப்பும் வேண்டும். 1984 ஆகஸ்டில் பதவி நீக்கப்பட்ட இராமராவ், மக்களின் எதிர்ப்புக்குப்பின் செப்டம்பரில் மீண்டும் பதவியேற்றார்.

எனவே 18 வயது நிரம்பியோர் வாக்காளர் பட்டியலில் பெயரைப் பதிவு செய்தல் வேண்டும். பணத்துக்கு வாக்கை விற்பவர், பின்னர்க் கேள்வி கேட்கும் தகுதியையும் இழக்கிறார். தேர்ந்தெடுத்தோரிடம் பணிகளுக்குக் கணக்குக் கேட்பதும், தம் கட்சி தோற்பின் முடிவை அமைதியாக ஏற்பதும் குடிமக்களின் கடமைகளாகும். இவை தவறுமிடத்து, தேர்தல் வெறும் சடங்காகிவிடும்.