அடுத்தவரை நம்புவது பிறவிக் குணமா?

சாமராஜநகர் மாவட்டத்தில், ஹனூர் பக்கம் சுலவாடி என்று ஒரு கிராமம். அங்குள்ள மாரம்மன் கோவிலில் 2018 டிசம்பர் 14-ந் தேதி பிரசாதம் வழங்கினார்கள். அம்மன் சன்னதியில் தந்த சோற்றை யார் சந்தேகிப்பார்கள்? அதில் பூச்சிமருந்து கலந்திருந்தது. 17 பேர் இறந்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரிகளில் கிடந்தார்கள். கோவில் நிர்வாகத் தகராறில் நடந்த சதி என்று போலீசார் கூறினர்.

அன்று பெற்றோரைப் பறிகொடுத்த பிள்ளைகள் இனி யாரை நம்புவார்கள்? அடுத்தவரை நம்பும் குணம் ரத்தத்தில் வருவதா, வளர்ந்த விதத்தில் வருவதா? விஞ்ஞானிகள் இதை ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள்.

இரட்டையர் சோதனை

ஒரே கரு பிரிந்து பிறந்த இரட்டையருக்கு மரபணுக்கள் ஒன்றே. மற்ற இரட்டையருக்குச் சராசரியாகப் பாதிதான் பொது. ஸ்வீடனிலும் அமெரிக்காவிலும் இவ்விரு வகையினரையும் சோதித்து 2008-ல் முடிவை வெளியிட்டார்கள். கையில் பணம் தருவார்கள். முகம் தெரியாத ஒருவருக்கு அதில் எவ்வளவு வேண்டுமானாலும் அனுப்பலாம். தொகை பெருகி அவரிடம் சேரும். அவர் திருப்பித் தந்தால் லாபம், விழுங்கிவிட்டால் போச்சு. (சீட்டுக் கட்டி ஏமாந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை!)

ஆளுக்கு ஆள் காணும் வித்தியாசத்தில் மரபணுவின் பங்கு ஸ்வீடனில் சுமார் 20 சதவீதம், அமெரிக்காவில் சுமார் 10 சதவீதம். 2017-ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு இன்னும் விசித்திரமானது. நம்புவதில் மரபணுவுக்குப் பங்கு தெரிந்தது. நம்ப மறுப்பதில் தெரியவில்லை. சந்தேகம், வாழ்க்கையில் கற்றுக்கொள்வதாம்.

தொட்டில் பருவம்

எப்போது கற்கிறோம்? ருமேனியாவில் 1989-ல் சௌசெஸ்கு ஆட்சி கவிழ்ந்தபோது, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் அரசு விடுதிகளில் இருந்தார்கள். தலைநகர் புகாரெஸ்டில் 136 விடுதிக் குழந்தைகளைத் தேர்ந்து, சீட்டுக் குலுக்கிப் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்து ஓர் ஆய்வு 2001-ல் தொடங்கியது. விடுதியிலும் சோறும் துணியும் உண்டு. அழுதால் ஓடி வர ‘என் ஆள்’ என்று ஒருவர்தான் இல்லை. ஆயாக்கள் ஷிப்டு மாறிக்கொண்டே இருந்தார்கள். இரண்டு வயதுக்குள் வீடு சேர்ந்த குழந்தைகள் வளர்ப்புத் தாயிடம் நன்றாக ஒட்டிக்கொண்டன. பிந்திப் போனவை அவ்வளவு தேறவில்லை.

மனம் மட்டும் அல்ல, உடம்பும் இளமைக் கஷ்டத்தை மறப்பதில்லை. சாமராஜநகரிலிருந்து ரயில் ஏறினால் வரும் மைசூரில், ஹோல்ட்ஸ்வொர்த் ஆஸ்பத்திரியில் 1934 முதல் குழந்தைகளின் பிறந்த எடையைக் குறித்து வைத்தார்கள். அப்படிப் பிறந்த 517 பேரைப் பின்னாளில் தேடிப் பிடித்துப் பரிசோதித்தார்கள். இரண்டரை கிலோவும் அதற்குக் குறைவுமாகப் பிறந்தவர்களில் 11 சதவீதம் பேருக்கு இதய நோய், 3.1 கிலோவும் அதற்கு மேலும் இருந்தவர்களில் 3 சதவீதம்தான். 1996-ல் வெளியான கணக்கு இது.

குவாரி வேலைக்கும் கட்டிட வேலைக்கும் வந்த நம்மவர்கள் பலர், கைக்குழந்தையை ஊரில் பாட்டியிடம் விட்டிருக்கிறார்கள். பெற்றவள்தான் வளர்க்க வேண்டும் என்று புகாரெஸ்ட் ஆய்வு சொல்லவில்லை. அங்கே தேற்றியவர்கள் யாரும் பெற்றவர்கள் அல்ல. பாட்டி ஒருத்தியே நிலையாக வைத்திருந்தால் குழந்தைக்கு ஆள் இருக்கிறது. சித்தி வீட்டில் இரண்டு மாதம், அத்தை வீட்டில் மூன்று மாதம், பிறகு வேலைத்தளத்துக் கொட்டகை என்று மாற்றிக்கொண்டே இருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.